பஞ்சும் மருந்தும்

சித்திரை முதல் நாளும் தீத்தொண்டு நாளும் பெரும்பாலும் ஒரே தேதியில், ஏப்ரல் 14-இல் வந்து நிற்கும். அன்று மில்லுக்கு விடுமுறை. அதனால் அருப்புக்கோட்டைப் பக்கத்து நூற்பாலைகளில் தீயணைப்புத் துறையினரின் செய்முறை விளக்கம் அந்த வாரத்திலேயே வேறொரு நாளில் நடக்கும். தகர டப்பாவில் டீசலை ஊற்றிக் கொளுத்துவார்கள். ஈரச்சாக்கைப் போர்த்தி அணைத்துக் காட்டுவார்கள். சிலிண்டரின் பின்னை உருவிப் பீய்ச்சுவார்கள். கைதட்டல், டீ, அவரவர் மிஷினுக்குத் திரும்புதல். ஏன் ஏப்ரல் 14 என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், இந்த வட்டாரத்துக்கென்றே நடந்ததுபோல ஒரு கதை கிடைத்திருக்கும்.

1944-இல் அந்த நாளில் பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் 'ஃபோர்ட் ஸ்டிக்கீன்' என்ற சரக்குக் கப்பல் நின்றது. உலகப்போர்க் காலம். இங்கிலாந்திலிருந்து கிளம்பும்போதே அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருந்தது. வழியில் கராச்சியில் 8,000-க்கும் மேற்பட்ட பேல் பஞ்சை ஏற்றினார்கள். இரண்டாம் எண் கிடங்கில் அடித்தட்டில் பஞ்சு, அதற்கு மேல்தட்டில் வெடிமருந்து. நண்பகலுக்குப் பிறகு பஞ்சிலிருந்து புகை கிளம்பியது. 900 டன்னுக்கு மேல் தண்ணீரைக் கொட்டியும் அடங்கவில்லை. மாலை 4 மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்தில் இன்னொரு முறை வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த வீரர்களின் நினைவாகத்தான் இந்த நாள்.

பஞ்சும் வெடிமருந்தும் என்றால் எங்கள் வறண்ட சீமையின் பிழைப்பைச் சொல்லியாகிவிட்டது. அருப்புக்கோட்டையில் நூற்பாலையும் விசைத்தறியும். மேற்கே சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி என்று பட்டாசு. கிழக்கே திருச்சுழி, நரிக்குடி பக்கம் போனால் மூன்றாவதாக ஒரு நெருப்புத் தொழில் உண்டு: சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது. மழை குறைந்த மண்ணில் வேளாண்மை கைவிட்டபோது ஜனங்கள் பிடித்துக்கொண்ட தொழில்கள் எல்லாமே எளிதில் தீப்பற்றும் சரக்கைக் கையில் கொடுத்தவை.

இங்கே எந்த விபத்து நடந்தாலும் மறுநாள் செய்தியில் ஒரு சொல் தவறாமல் இருக்கும்: உராய்வு. 'உராய்வு காரணமாகத் தீப்பொறி பறந்து விபத்து ஏற்பட்டதாக முதற்கட்ட விசாரணையில் தெரியவந்தது.' சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. உராய்வு இல்லாத வேலை உலகத்தில் கிடையாது. தீப்பொறியை எத்தனை விதத்தில் தடுத்தாலும் ஏதோ ஒரு நாள் ஒன்று தப்பித்து வரத்தான் செய்யும். அது வந்து விழும் இடத்தில் எவ்வளவு சரக்கு இருந்தது, எத்தனை பேர் இருந்தார்கள், வெளியேற வழி இருந்ததா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். இதற்கெல்லாம் விடை சொல்ல வேண்டியவர் பொறி பறக்கவிட்ட கூலியாள் கிடையாது.

எரிவதற்கு மூன்று வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம்: எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம். இந்த மூன்று தொழில்களும் அந்தப் பாடத்தின் மூன்று வேறு முகங்கள்.

கரிமூட்டம் போடுபவர் தீயை வேலைக்காரனாக வைத்திருக்கிறார். விறகை நெருக்கி அடுக்கி, மேலே இலைதழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண்ணால் பூசி, ஒரு வாயில் நெருப்பு வைத்து, சிறு துளைகள் மட்டும் விட்டுவைப்பார். உள்ளே புகும் காற்று விறகில் கொஞ்சத்தை எரிக்க மட்டும் போதும். அந்தச் சூட்டில் மிச்ச விறகு எரியாமல் வெந்து, நீரையும் தாரையும் வாயுக்களையும் கக்கிவிட்டுக் கரியாக நிற்கும். முதலில் அடர்த்தியாக வெள்ளைப் புகை வரும். அதில் பெரும்பகுதி நீராவி. புகை மெலிந்து நீலம் பாரித்தால் விறகு கரியாகிவிட்டது என்று அர்த்தம். துளைகளை அடைத்துவிட வேண்டும். எங்காவது மண் பிளந்தால் ஒரு கை ஈரமண்ணை எடுத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் தேய்த்து மூடுவார். அசந்து தூங்கிவிட்டால் அத்தனை நாள் உழைப்பும் சாம்பல். காற்றை ஆண்டால் தீயை ஆளலாம் என்பதற்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது.

மூட்டத்தைப் பிரித்த பிறகு ஒரு ஆபத்து உண்டு. புதுக் கரிக்கு நுண்துளைகள் ஏராளம். அவை காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சும்போதே சூடு பிறக்கும். வெளியில் பரப்பி ஆறப் போட்டால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். அவசரப்பட்டு அன்றே சாக்கில் அடைத்து லாரியில் நெருக்கி ஏற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேரும். யாரும் பீடி பற்றவைக்காமலேயே லாரி புகையும். இதில் உராய்வும் இல்லை, பொறியும் இல்லை, குவியலும் அவசரமும்தான்.

மில்லுக்குள் வந்தால் காற்றை அடைக்க வழியே இல்லை. பஞ்சை நகர்த்துவதே காற்றுதான்.

பஞ்சு இழையின் குறுக்களவு சுமார் 15 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு கிராம் பஞ்சின் எல்லா இழைகளின் மேற்பரப்பையும் கணக்கிட்டால் 1,700 சதுர சென்டிமீட்டர் வரும். அதே பொருளை ஒரு கிராம் எடையுள்ள கெட்டிக் கட்டியாக்கினால் மேற்பரப்பு 5 சதுர சென்டிமீட்டர்கூட இருக்காது. எரிதல் நடப்பது பொருளும் காற்றும் தொடும் இடத்தில். தொடும் இடம் ஏறக்குறைய 400 மடங்கு கூடினால், கட்டையாக இருந்தபோது கருகிக்கொண்டிருக்கக்கூடிய பொருள் பஞ்சாக இருக்கும்போது பாய்ந்து எரிகிறது. வேதியியல் ஒன்றுதான்: இரண்டுமே செல்லுலோஸ்.

பஞ்சு 170 கிலோ பேலாக மில்லுக்கு வருகிறது. ஒரு பேல் முழுதும் எரிந்தால் வெளியாகும் வெப்பம், நிரம்பிய சமையல் கேஸ் சிலிண்டர் நான்கை எரித்த வெப்பத்துக்குச் சமம். குடோனில் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போது யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை. பஞ்சு மெத்தென்றுதானே இருக்கிறது.

பேலை உடைத்துப் போடும் இடம் புளோ ரூம். அங்கே முள் பதித்த உருளைகள் வேகமாகச் சுழன்று பஞ்சைப் பிய்த்து உதிர்க்கும். வயலிலிருந்தோ ஜின்னிங் ஆலையிலிருந்தோ பஞ்சோடு வந்த ஒரு சிறு கல், ஆணி, பேலைக் கட்டியிருந்த கம்பியின் துண்டு உள்ளே போனால் உருளையில் அடிபட்டுப் பொறி பறக்கும். பற்றிய பஞ்சுத் திரள் அங்கேயே நிற்காது. காற்று அதை டக்டுக்குள் இழுத்துக்கொண்டு அடுத்த மிஷினுக்கு, அங்கிருந்து பஞ்சைச் சீவும் கார்டிங்குக்கு, இன்னொரு பக்கம் தூசி சேரும் ஃபில்டர் அறைக்கு என்று சில நொடிகளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். புளோ ரூமில் புகையைப் பார்த்து ஆள் ஓடி வருவதற்குள் மூன்று இடத்தில் தீ. நல்ல மில்களில் வழியில் காந்தம் வைத்து இரும்பைப் பிடிக்கிறார்கள். டக்டுக்குள் அகச்சிவப்புக் கதிரை உணரும் கருவி வைத்து, கனல் கடந்தால் அந்தப் பஞ்சை மட்டும் தனிப்பெட்டிக்குத் திருப்பி, மிஷினையும் காற்றாடியையும் நிறுத்துகிறார்கள். கல்லைக் காந்தம் பிடிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பேலைப் பிரிக்கும் மேடையில் நின்று கம்பி, கல், சாக்குத் துணி பொறுக்கும் ஆளுக்கு எந்தக் கருவியும் மாற்று கிடையாது. செலவைக் குறைக்க முதலில் எடுக்கப்படும் ஆளும் அவர்தான்.

அடுத்தது பேரிங். சுழலும் தண்டில் நாலு இழை சுற்றிக்கொள்ளும். அதன்மேல் நானூறு சுற்றும். இறுகி, பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவில் புகுந்து தேயும். மில்லில் அதற்கு லேப்பிங் என்று பெயர். ஆயில் வற்றிய பேரிங்கோடு லேப்பிங்கும் சேர்ந்தால் அந்த இடம் சூடேறி, பஞ்சு பழுப்பாகி, ஒருவிதக் கருகல் வாடை வரும். பழைய ஃபிட்டர்கள் வாடையை வைத்தே எந்த மிஷின் என்று சொல்வார்கள். பஞ்சு 250 டிகிரியைத் தாண்டினாலே சிதையத் தொடங்குகிறது. வாடை வந்துவிட்டால் நேரம் அதிகம் இல்லை.

மின்சாரத்தின் கதையும் இதுவே. தளர்ந்த ஒரு திருகாணியின் அடியில் மின்தடை கூடும்; மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அங்கே சூடு பிறக்கும். வெறும் பேனலில் அது கருகிய வயரோடு போயிருக்கும். பேனலுக்குள் விரற்கடை உயரத்துக்குப் பஞ்சுப் பொடி படிந்திருந்தால் அது தீ. 'ஷார்ட் சர்க்யூட்' என்று பதிவு செய்யப்படும் தீவிபத்துகளில் பாதிக் குற்றவாளி பெருக்காமல் விட்ட பொடி என்பது என் எண்ணம். பொடியைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவது ஒரு கெட்ட வழக்கம்: தரை சுத்தமாகிவிடும், டியூப் லைட்டின் மேலும் கூரைச் சட்டத்தின் மேலும் போய் உட்கார்ந்துகொள்ளும். உறிஞ்சி எடுக்க வேண்டும்; ஊதக் கூடாது.

இனி அந்தக் கப்பலில் தண்ணீர் ஏன் தோற்றது என்பதற்கு வரலாம். பச்சைப் பஞ்சின் ஒவ்வோர் இழை மேலும் இயற்கையான மெழுகுப் படலம் உண்டு. செடியில் காய் வெடித்து நிற்கும்போது மழைத்துளி வழிந்தோட அது உதவும். அதே படலம் தீயணைப்பு வீரரின் தண்ணீரையும் வழித்துவிடுகிறது. பேலின் மேற்புறம் நனையும். உள்ளே காய்ந்தபடி இருக்கும். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பேலின் கொள்ளளவில் பெரும்பகுதி காற்றுதான். சுடர் அணைந்துபோகும் அளவுக்கு ஆக்சிஜன் குறைந்தாலும் கனல் சாகாது. நாள்கணக்கில் உள்ளுக்குள் ஊர்ந்து, ஏதோ ஒரு பக்கம் வெளிக்காற்றைத் தொட்டதும் மறுபடி சுடராகும். தண்ணீரில் சோப்புபோன்ற நனைப்பான் கலந்து அடிப்பது இந்த மெழுகை வெல்லத்தான்.

பட்டாசுக்கு வரும்போது நாம் படித்த முக்கோணமே மாறிவிடுகிறது. அங்கே காற்று தேவையில்லை. தொழிலாளர்கள் 'மருந்து' என்று சொல்லும் கலவையில் எரிபொருளும் ஆக்சிஜனும் பக்கம் பக்கமாகவே உட்கார்ந்திருக்கின்றன. வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டின் எடையில் ஏறக்குறைய பாதி ஆக்சிஜன். கந்தகமும் கரியும் அலுமினியப் பொடியும் அதனோடு சேர்ந்துவிட்டால் மண்ணைப் போட்டு மூடி மூச்சுத்திணற வைக்க முடியாது. அது எரிந்து முடிவதற்குள் யாரும் வாளியைத் தூக்கவும் முடியாது. இந்தத் தொழிலில் தீயணைப்பு என்பது விபத்துக்கு முன்பு மட்டும்தான் இருக்க முடியும்.

பற்றவைக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? பாலியஸ்டர் சேலை உடுத்தி, பிளாஸ்டிக் செருப்போடு, காற்று வறண்ட பங்குனி மதியத்தில் நடந்து வரும் ஒருவரின் உடலில் 10,000 வோல்ட் வரை நிலைமின்சாரம் சேரலாம். அது ஒரு நொடியில் இறங்கினால் 7 அல்லது 8 மில்லிஜூல். ஒரு கிராம் எடையை முக்கால் மீட்டர் தூக்கும் ஆற்றல், அவ்வளவே. நுண்ணிய அலுமினியம் கலந்த சில மருந்துகளுக்கு அதுவே போதும். பருத்தித் துணி உடுத்துங்கள், செருப்பைக் கழற்றுங்கள், உள்ளே நுழையுமுன் பூமியோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொடுங்கள் என்பதெல்லாம் இதனால்தான். சடங்குபோலச் சொல்லிக்கொடுத்தால் சடங்குபோலத்தான் கடைப்பிடிப்பார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டும்.

வறட்சிதான் எதிரி என்று நினைத்தால் அதுவும் தவறு. நைட்ரேட்டும் அலுமினியப் பொடியும் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் மெதுவாக ஒரு வேதிவினை தொடங்கும், அம்மோனியா வாடை அடிக்கும், சூடு பிறக்கும், அந்தச் சூடு வினையை இன்னும் விரட்டும். மழையில் நனைந்த மருந்தை 'காய்ந்தால் சரியாகிவிடும்' என்று அறையில் போட்டுவிட்டுப் போனால் யாரும் தொடாமலேயே பற்றிக்கொள்ளும். போரிக் அமிலம் சிறிது சேர்ப்பது அந்த வினையைத் தடுக்கத்தான். விவரம் தெரிந்த போர்மேன் வெயில் ஏறுமுன் கலவையை முடித்து, அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுவார். இரவு மிச்சம் வைக்க மாட்டார்.

2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின் உயிர் இந்த எளிய கணக்கில் இருக்கிறது. ஓர் அறையில் இவ்வளவு மருந்துதான். நான்கு பேருக்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம். பொறி பறந்தே தீரும் என்று ஒப்புக்கொண்டு எழுதிய விதிகள் இவை. வெடிப்பின் வீச்சு மருந்து அளவின் கனமூலத்தைப் பொறுத்தது. எட்டு மடங்கு மருந்தைக் குவித்தால் அழிவு எட்டும் தூரம் இரண்டு மடங்காகும். அடுத்த அறை அங்கேயேதான் நிற்கிறது; முன்பு எல்லைக்கு வெளியே இருந்தது, இப்போது உள்ளே வந்துவிட்டது. அறையைத் தாண்டி மரத்தடியிலும் ஆட்களை உட்கார வைத்து, காயப்போட்ட சரக்கை நடைபாதையில் பரப்பினால், விதிகள் விட்டுவைத்த இடைவெளியே திரியாகிவிடும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலையில் 20 பேருக்கு மேல். இரண்டிலும் அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து என்ற பேச்சு வந்தது. அச்சங்குளத்தில் உரிமம் பெற்றவர் ஒருவர், நடத்தியவர்கள் வேறு என்ற உள்குத்தகை விவகாரமும் வெளிவந்தது. உள்குத்தகைக்காரர் அறைக்கு வாடகை கொடுத்தவர். தீபாவளி ஆர்டருக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். தொழிலாளிக்கோ எண்ணிக்கைக் கூலி. கை வேகமாக ஓடினால்தான் காசு. வேகமான கை அழுத்தித் தேய்க்கும். உராய்வு என்று செய்தியில் வருவதன் பின்னால் இந்தக் கூலி முறை இருக்கிறது. 2024 மே 1 அன்று காரியாபட்டி பக்கம் ஆவியூரில் கல்குவாரியின் வெடிமருந்துக் கிட்டங்கி வெடித்து மூன்று பேர் இறந்தபோது, பட்டாசு மட்டுமே இந்த மாவட்டத்தின் ஆபத்து என்ற நினைப்பும் போனது.

வெளியேற வழி இருந்ததா என்ற கேள்விக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். வெட்டும் மேசைக்கு அடியில் இருந்த பெட்டியில் வாரக்கணக்கில் அள்ளாமல் சேர்ந்த துணிக்கழிவில் தீ தொடங்கியது. ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. திருட்டுப் போய்விடும் என்று பூட்டுவதாகச் சொன்னார்கள். நம் பக்கத்துக் கம்பெனிகளில் இரவு ஷிப்டில் பின்கதவைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுக்கும்போதும் சொல்லப்படும் காரணம் அதேதான். ஒரு பேல் கழிவுப் பஞ்சின் விலை என்ன என்று மேனேஜரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பெரிய மில்லுக்காவது தொழிற்சாலை ஆய்வாளர் வருவார். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் பாயும் என்று வகுத்தது. அருப்புக்கோட்டைத் தெருக்களில் வீட்டு முன்கட்டில் நாலு தறி போட்டு, பின்கட்டில் சமைத்துச் சாப்பிடும் குடும்பத்தை அது எட்டிப் பார்த்ததில்லை. அந்த வீடுகளில் செய்யக்கூடியவை சொற்பமானவை, செலவு குறைந்தவை. தறி நிற்கும்போதெல்லாம் மோட்டாரின் மேலுள்ள பொடியைத் துடைப்பது. வருடத்துக்கு ஒருமுறை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எல்லாத் திருகாணியையும் முடுக்கச் சொல்வது. கழிவு நூலைச் சாக்கில் கட்டி சுவிட்ச் போர்டுக்கு அடியில் வைக்காமலிருப்பது. முன்கட்டிலிருந்து தெருவுக்குப் போகும் வழியில் பீம் உருளையையும் நூல் மூட்டையையும் அடுக்காமலிருப்பது.

சிலிண்டர் வாங்கி மாட்டியிருப்பவர்களுக்கு ஒன்று. சிவப்புச் சிலிண்டரில் இருக்கும் உலர்பொடி சுடரை அடித்துவிடும்; நூல் கட்டுக்குள் இருக்கும் கனலை அது தொடுவதில்லை. அணைந்துவிட்டது என்று நம்பிக் கதவைச் சாத்திப் படுக்கப் போனவர்கள் வீட்டில் விடியற்காலை மறுபடி பற்றியிருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கருகிய நூல், துணி, பஞ்சு அத்தனையையும் வெளியில் இழுத்துப் போட்டு, பிரித்து உதறி, சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும். இரண்டு நாள் அங்கேயே கிடக்கட்டும். தொட்டுப் பார்த்தால் சூடில்லை என்பதால் மட்டும் குடோனுக்குள் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. நடுவில் கையை விட்டுப் பார்த்த பிறகே கொண்டுபோக வேண்டும்.